முதன்முதலாக மோட்டார் படகு வாங்கும் வணிகருக்கு

கடந்த சில மாதங்களில் நமது சங்க உறுப்பினர்கள் மூவர் வெவ்வேறு நாட்களில் என் கடைக்கு வந்து ஒரே விஷயத்தை விசாரித்தார்கள். "அதிக முதல் போடாமல் ஒரு சிறிய மோட்டார் படகு வாங்க வேண்டும். எதை வாங்கலாம்? எங்கே பார்க்கலாம்?" என்பதே அது. ஒருவர் கருவாட்டு மொத்த வியாபாரி. கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து எடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு படகு விட்டால் என்ன என்று யோசிப்பவர். இரண்டாமவர் கழிமுகத்தை ஒட்டி சிறிய லாட்ஜ் நடத்துகிறார். வந்து தங்குவோரைப் படகில் ஒரு சுற்று அழைத்துச் சென்றால் அறைகள் நிரம்பும் என்பது அவர் கணக்கு. மூன்றாமவர் பாத்திரக் கடைக்காரர். அவருடைய மகனுக்குத் தூண்டில் போடுவதில் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர ஒரு படகு வேண்டும், அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் கயிறு, நங்கூரம், பெயிண்ட், என்ஜின் ஆயில் விற்கும் கடையை முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். முதல் படகு வாங்கியவர்கள் மறுநாள் சாமான் வாங்க வருவது எங்களைப் போன்றோர் கடைக்குத்தான். ஒரு வருடம் கழித்து, "அண்ணாச்சி, படகைத் தள்ளிவிட ஆள் இருந்தால் சொல்லுங்கள்" என்று அவர்களில் சிலர் வருவதும் இதே கடைக்குத்தான். இரண்டு தரப்பையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். படகில் பழகிய உறுப்பினர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது.

என்ன வேலைக்கு?

மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. கருவாட்டு வியாபாரிக்கு ஏற்றது 24 முதல் 28 அடி வரையுள்ள கண்ணாடியிழைப் படகு. நம் கரை முழுவதும் 'ஃபைபர் போட்டு' என்று வழங்குவது இதுதான். வலையும் ஐஸ் பெட்டியும் நான்கு பேரும் ஏறலாம், அலை அடிக்கும் கரையிலும் ஏற்றி இறக்கலாம். பாத்திரக் கடைக்காரர் மகனுக்கு அவ்வளவு நீளம் எதற்கு? 16 அடிப் படகு, 8 அல்லது 9.9 குதிரைத்திறன் மோட்டார், கரைக்கு அருகே மட்டும் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும்.

லாட்ஜ்காரர் விஷயம் அப்படியல்ல. பழைய மீன்பிடிப் படகு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதில் இருக்கை போட்டு மேலே கூரை கட்டிவிடலாம் என்றார். கூடாது என்று சொல்லிவிட்டேன். 2023 மே 7 அன்று கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களே, அது மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும் சேர்ந்துகொண்டது. மீன்பிடிப் படகில் பாரம் அடியில் இருக்கும். மேல்தளம் போட்டு மக்களை உட்காரவைத்தால் பாரம் மேலே ஏறிவிடுகிறது. எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து வேடிக்கை பார்த்தால் அந்தப் படகு தாங்காது. பயணிகளை ஏற்றுவதற்கு அதற்கென்று வடிவமைத்த படகும், தனி ஆய்வும், தனி அனுமதியும் வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரக் கலங்களுக்கு 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக இப்போது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு கலங்கள் சட்டம் இருக்கிறது. ஆய்வுச் சான்றும் பதிவும் இல்லாமல் ஓட்ட இயலாது. "மலிவாகக் கிடைக்கிறது" என்பது இந்த வியாபாரத்துக்குப் பொருந்தாத வாதம்.

பத்து ரூபாயில் ஏழு

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே தொகை எழுதவில்லை. கணக்கு போடும் முறையை மட்டும் சொல்கிறேன். கையில் பத்து ரூபாய் இருந்தால் படகும் மோட்டாரும் சேர்ந்து ஏழு ரூபாய்க்குள் முடிய வேண்டும். மீதி மூன்று ரூபாய் நங்கூரம், கயிறு, உயிர்க்காப்பு உடை, எண்ணெய் டாங்கி, பதிவு, இன்ஷூரன்ஸ், முதல் ஆறு மாதப் பழுது ஆகியவற்றுக்கு. நம்மில் பலர் பத்து ரூபாயையும் படகில் போட்டுவிட்டு, கயிறு கடனாகக் கேட்டு வருகிறார்கள். கடன் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடனில் வாங்கும் கயிறு எப்போதும் சற்றுக் குட்டையாகவே இருக்கிறது.

அந்த ஏழு ரூபாயிலும் மோட்டாருக்கே முன்னுரிமை கொடுங்கள். சாதாரண உடல், நல்ல மோட்டார் என்றால் கரைக்கு வந்து சேரலாம். உடல் புதிதாக இருந்து மோட்டார் நின்றுபோனால் புதுப் படகில் உட்கார்ந்து மிதக்க வேண்டியதுதான்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். 1998இல் ஒரு தரகர் மூலம் 8 குதிரைத்திறன் பழைய மோட்டார் ஒன்றை வாங்கினேன். பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்ட் விற்கிற நானே அந்தப் பெயிண்டைக் கண்டு ஏமாந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மைத்துனருடன் நான்கு கடல் மைல் போனதும் மோட்டார் பேச்சு மூச்சின்றி நின்றது. ஆடி மாதம், கச்சான் காற்று. நம் கரை கிழக்கு நோக்கியது. கச்சான் நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசுவதால் கரையோரத்தில் அலையே தெரியாது, குளம் போல இருக்கும். ஆனால் படகை வெளியே தள்ளிக்கொண்டே போகும். துடுப்பு எடுத்துப் போகவில்லை. நங்கூரத்தைப் போட்டோம், தரை தட்டவில்லை. ஏழு பாகம் ஆழத்தில் ஐம்பது அடிக் கயிறு தரையைத் தொட்டாலும் பிடிக்காது, எங்கள் கயிறு அதையும்விடக் குறைவு. கயிற்றுக் கடைக்காரன் கடலில் கயிறு இல்லாமல் நின்ற கதையை இன்றும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளம் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. அவர்கள் பார்க்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இருக்க வேண்டும். நாற்பது அடி ஆழத்துக்கு இருநூறு அடிக்குக் குறையக் கூடாது.

எந்த மோட்டார்?

நம் பக்கத்தில் சிறிய படகுகளில் காண்பவை மூன்று வகை. பின்பலகையில் மாட்டும் பெட்ரோல் மோட்டார் ஒன்று. பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது இன்னொன்று. மூன்றாவது நீண்ட தண்டின் முனையில் விசிறி பொருத்திய டீசல் என்ஜின். டீசல் கனமானது, அதிர்வும் சத்தமும் அதிகம், ஆனால் எண்ணெய்ச் செலவு குறைவு. தினமும் தொழிலுக்குப் போகும் படகுக்கு அதுவே கட்டுப்படியாகும். ஏறத்தாழ 10 குதிரைத்திறன் உள்ள டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு நான்கு முதல் ஐந்து லிட்டர் குடிக்கும். அதே திறனுள்ள டீசல் என்ஜினுக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். வாரம் ஒருமுறை ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. அவருக்கு எடை குறைந்த, இருவர் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகக்கூடிய பெட்ரோல் மோட்டாரே நல்லது. மண்ணெண்ணெய் மோட்டார் மலிவாக வருகிறதென்று வாங்குமுன், மண்ணெண்ணெய் தொடர்ந்து எங்கே கிடைக்கும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரிய மோட்டார் போட்டால் வேகமாகப் போகும் என்ற எண்ணத்தில் தேவைக்கு மேல் திறன் வாங்குவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு ஓர் இயற்கை வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவது ஏறத்தாழ அந்த வரம்பு. 25 அடி என்றால் ஐந்து பெருக்கல் 1.34, அதாவது 6.7 கடல் மைல். மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். எடை குறைந்த, அடி தட்டையான படகு நீருக்கு மேலெழுந்து இதைத் தாண்டும். ஆனால் வலையும் ஐஸும் ஏற்றிய படகு தாண்டாது. அதற்கு இரட்டிப்புத் திறன் கொடுத்தால் எண்ணெய்தான் இரட்டிப்பாகும்.

இன்னொரு சிறு விஷயம், பலர் பணம் கொடுத்த பிறகே கவனிப்பது. மோட்டார் தண்டு பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு நீளத்தில் வருகிறது. உங்கள் படகின் பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். உயரமான பின்பலகையில் குட்டைத் தண்டை மாட்டினால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுழலும். மோட்டார் அலறும், படகு நகராது.

பழையது வாங்கினால்

குறைந்த முதல் என்றால் பெரும்பாலும் பழைய படகுதான். அதில் தவறில்லை, பார்க்கத் தெரிந்திருந்தால். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஏராளமான ஃபைபர் படகுகள் மிகக் குறைந்த காலத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் நல்லவையும் இருந்தன, அவசரத்தில் செய்தவையும் இருந்தன. அந்த நாளிலிருந்து படகின் வயதைவிட அது எந்தப் பட்டறையில், யார் கண்முன் செய்யப்பட்டது என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

படகைக் கரையில் ஏற்றிவைத்துப் பாருங்கள். தண்ணீரில் கிடக்கும் படகை விலை பேசக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பாகம் முழுவதையும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்தோ ஊறியோ இருந்தால் தொப்பென்று சத்தம் கேட்கும். புத்தம் புதிய பெயிண்ட் அடித்த இடத்தை இருமுறை தட்டுங்கள். பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரமோ பிளைவுட்டோ இருக்கும். திருகாணித் துளை வழியே நீர் இறங்கி உள்ளுக்குள் மக்கிப்போயிருக்கலாம். மோட்டாரைச் சாய்த்து வைத்து, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை வளைந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

பிறகு மோட்டார். விற்பவரிடம் "நான் வருமுன் கிளப்ப வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் என்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத மோட்டாரை முன்னதாகக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று பொருள். கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்தி ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடும்போது பக்கவாட்டில் சிறு துளையிலிருந்து நீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். அது வராவிட்டால் குளிர்விக்கும் நீர் சுற்றவில்லை. இரண்டு சிலிண்டர் மோட்டாராயின் மெக்கானிக்கை அழைத்து கம்பிரஷன் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள், அவரை விற்பவர் தேர்ந்தெடுக்கவும் விடாதீர்கள்.

மோட்டாரில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பில் இல்லாத மோட்டார் திருட்டு மோட்டாராகவும் இருக்கலாம். கடைசியாக, உங்கள் வழக்கமான பாரத்தை ஏற்றி ஒரு மணி நேரம் கடலில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட ஓட்டத்தில் எந்த மோட்டாரும் நல்ல மோட்டார்தான்.

புதிதாகக் கட்டச் சொல்வோர், எத்தனை அடுக்கு மேட், ஒவ்வொன்றும் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது இரண்டு முறையாவது போய் நில்லுங்கள். முன்னும் பின்னும் மூடிய அறைகளில் மிதவைக்கான ஃபோம் வைக்க வேண்டும். தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காத படகில் பிடித்துத் தொங்கியாவது உயிர் பிழைக்கலாம்.

காகிதமும் ஆட்களும்

மீன்பிடிப் படகானால் மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவும் உரிமமும் பெற வேண்டும். இப்போது 'ரியல்கிராஃப்ட்' என்னும் இணையதளம் வழியாக இது நடைபெறுகிறது. பழைய படகானால் பெயர் மாற்றம் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடற்பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது, விசைப்படகுகள் அங்கே மீன்பிடிக்கக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. உங்கள் படகு எந்த வகையில் பதிவாகிறது என்பதைப் பொறுத்தே இவை உங்களைக் கட்டுப்படுத்தும். எனவே வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. தூண்டில் போடப் போகும் பிள்ளைகள் அனுமதியின்றி அங்கே இறங்கிவிடக் கூடாது.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. படகுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சரக்கு ஏற்றவும், கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றவும், படகோட்டும் பயிற்சிக்கும், மறுவிற்பனைக்கும் வாங்கினால் மட்டுமே அதற்கு வழி உண்டு. சொந்த உல்லாசத்துக்கு வாங்கிக் கடைக் கணக்கில் எழுதினால் பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். உங்கள் ஆடிட்டரை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கருவாட்டு வியாபாரியைப் போல, தாம் கடலுக்குப் போகாமல் ஆள் வைத்துப் படகு விடுவோர் கவனிக்க வேண்டியது வேறு. எண்ணெய்ச் செலவு கழித்து மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறுபடும். அதையும், அந்தக் கரையில் வெளியார் படகு நிறுத்தலாமா என்பதையும் ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே பேசி முடியுங்கள். அதைவிட முக்கியம், படகு யார் கையில் இருக்கிறது என்பது. கடல் அட்டை பிடிப்பதும் வைத்திருப்பதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை ஏற்றிய படகும் பறிமுதலாகும். இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு நம் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் கள்ளத்தனமாகப் போய்ப் பிடிபட்ட செய்திகளை 2020, 2021இல் நாம் பத்திரிகைகளில் படித்தோம். "எனக்குத் தெரியாது, ஆட்கள் செய்தது" என்று உரிமையாளர் சொன்னால் போதாது. சுங்கச் சட்டப்படி, தமக்கு மட்டுமல்ல, தம் ஏஜெண்டுக்கும் படகைப் பொறுப்பேற்று ஓட்டியவருக்கும்கூட அது தெரியாது என்று அவர் நிரூபிக்க வேண்டும். ஓட்டியவரே ஏற்றியிருந்தால் எப்படி நிரூபிப்பது? ஆகவே கூலி குறைவு என்று அறிமுகமில்லாத ஆளிடம் படகைக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன்

ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர்க்காப்பு உடை, அதுவும் உட்காரும் மெத்தையாக அல்ல, உடம்பில் கட்டியபடி. இரண்டு துடுப்பு, டார்ச், மாற்று ஸ்பார்க் பிளக், விசிறி ஊசி, குடிநீர். எண்ணெயை மூன்றாகப் பிரித்து, ஒன்று போக, ஒன்று வர, ஒன்று தொடாமல் இருக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் கையில் மாட்டியே ஓட்ட வேண்டும். விழுந்தவர் மேலேயே படகு சுற்றி வந்து விசிறியில் சிக்கிய விபத்துகள் உண்டு. கைப்பேசி சிக்னல் சில மைல்களிலேயே போய்விடும். கொஞ்சம் தள்ளிப் போகிறவர்கள் வி.எச்.எஃப். கருவி வைத்துக்கொண்டு ஆபத்தில் 16ஆம் சானலில் அழைக்கலாம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. இதைப் படகின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் மோட்டாரில் நல்ல தண்ணீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். இதை ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாது, ஒரு மாதம் விட்டால் மெக்கானிக் வீட்டுக்கு வழி மனப்பாடமாகும்.

பாத்திரக் கடைக்காரர் மகன் 16 அடிப் படகும் 8 குதிரைத்திறன் மோட்டாரும் வாங்கிவிட்டார். முதல் இரண்டு மாதம் அனுபவமுள்ள மீனவர் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போகும்படி சொன்னேன், அப்படியே செய்கிறார். லாட்ஜ்காரர் உரிமம் பெற்ற படகுக்காரர் ஒருவரோடு நடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கிறார். கருவாட்டு வியாபாரி இன்னும் வாங்கவில்லை. வாடை தொடங்குமுன் ஒரு படகை மூன்று மாதத்துக்குக் குத்தகைக்கு எடுத்து, தினமும் எண்ணெயும் மீனும் பங்கும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறார். தை பிறந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.